புதுசா போட்ட முன் சஸ்பென்ஷன் புஷ் 7 மாசத்துல கிழிஞ்சிருச்சு, இ39 வண்டிக்கு இத வீட்டுலயே மாத்தலாமா?

கொட்டகலை_520

வணக்கம் எல்லாருக்கும். நம்ம வண்டி 2001 பிஎம்டபிள்யூ 520ஐ, இ39ன்னு சொல்ற பழைய 5 சீரிஸ் மொடல், ஓட்டோ கியர். 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டின பொறகு சின்ன ஜப்பான் வண்டி எல்லாம் கைக்கெட்டாத விலைக்குப் போயிருச்சு, அந்த நேரம் கொழும்புல ஒருத்தர் இந்த வண்டிய குடுக்கிறேன்னு சொன்னாரு, பாத்தேன், புடிச்சிச்சு, எடுத்துட்டேன். அம்மாவுக்கு இடுப்பு ஒப்பரேஷன் செஞ்சிருக்கு, மாசத்துக்கு ரெண்டு தடவ கண்டிக்கு கிளினிக் கூட்டிட்டுப் போகணும், வேன்ல போனா வந்து ரெண்டு நாளைக்கு எந்திரிக்க மாட்டாங்க, இந்த வண்டில போனா தூங்கிட்டே போவாங்க. அதனால தான் எவ்வளவு செலவு வந்தாலும் இத விக்க மனசு வரல.

இப்ப பிரச்சின என்னான்னா, போன வருசம் ஸ்டியரிங் ஆட ஆரம்பிச்சிச்சு. இங்க மலையில ஓடுறப்ப 40, 50க்கு மேல எங்க போறது, அதனால ரொம்ப நாளா கவனிக்கவே இல்ல. தங்கச்சிய ஏத்திவிட கட்டுநாயக்க போனப்ப எக்ஸ்பிரஸ்வேல 80 தாண்டினதும் ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் படபடன்னு அடிச்சிச்சு, 100 கிட்ட போனா கொஞ்சம் அடங்குச்சு. திரும்பி வந்து கவனிச்சா, கினிகத்தேனையில இருந்து கித்துல்கல பக்கம் எறங்குறப்ப பிரேக்ல கால வச்சாலும் அதே ஆட்டம், கூடவே முன்னால இடது பக்கம் டொக்குன்னு ஒரு சத்தம்.

ஒரு கராஜுக்கு கொண்டு போனேன் (பேரு வேணாம்), த்ரஸ்ட் ஆர்ம் புஷ் (முன் வீல முன்ன பின்ன போகாம புடிக்கிற ஆர்ம்ல இருக்கிற ரப்பர்) போயிருச்சுன்னு சொல்லி ரெண்டு பக்கமும் புது புஷ் அடிச்சிக் குடுத்தாங்க. ஆர்ம மாத்தல, புஷ்ஷ மட்டும் லேத்துல பிரஸ் பண்ணி போட்டாங்க. வண்டி தங்கமா ஓடிச்சு. இப்ப ஏழே மாசம், அதே ஆட்டம் திரும்ப வந்திருச்சு. நேத்து கீழ படுத்து டோர்ச் அடிச்சிப் பாத்தா இடது புஷ்ல இருந்து கறுப்பா ஒயில் மாதிரி வழிஞ்சு காஞ்சிருக்கு. கராஜ்ல கேட்டா "உங்க ஊரு ரோட் அப்படி, என்னா செய்ய" அப்படிங்கிறாங்க. ரோட் மோசம் தான், எஸ்டேட் ரோட் 3 கிலோமீட்டர் போய்த்தான் மெயின் ரோட் ஏறணும். ஆனா கம்பனில இருந்து வந்த புஷ் 20 வருசத்துக்கு மேல இருந்திருக்கு, புதுசு ஏழு மாசம் கூட நிக்கலன்னா எனக்கு அது ஒத்துக்க முடியல.

அதனால இந்த தடவ நானே செய்யலாம்னு பாக்குறேன். டிஸ்க் பிரேக் பேட் மாத்தியிருக்கேன், ஸ்டார்ட்டர் கழட்டி மாட்டியிருக்கேன், அதுக்கு மேல அனுபவம் இல்ல. ஸ்பிரிங் அமுக்குற டூல் வேணுமா, புஷ்ஷ மட்டும் மாத்துறதா முழு ஆர்மும் மாத்துறதா, பஞ்சிகாவத்தையில (கொழும்புல பழைய பார்ட்ஸ் விக்கிற எடம்) பழைய ஆர்ம் எடுத்துப் போடலாமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க. இன்னொன்னு, எங்க வீட்டு வாசல் முழுக்க சரிவு, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) கீழ தான் வீடு.

ராகலை_ரோட்

தம்பி, உங்க ஆசைய கெடுக்க வரல, ஆனா கடைசில எழுதின விசயத்த மொதல்ல பேசணும். சரிவுல ஜெக் அடிச்சு சஸ்பென்ஷன் வேலை செய்யாதீங்க. எங்க மாமா பையன் ஒரு ஹயேஸ் வேன இப்படித்தான் வாசல்ல தூக்கி வச்சி வீல கழட்டினான், பின் வீலுக்கு ஒரு செங்கல் குடுத்திருந்தான், ராத்திரி மழை பெஞ்ச ஈர மண்ணு, ஜெக் அடி மெதுவா அமுங்கி சாஞ்சு வேன் டிஸ்க்ல போய் உக்காந்துச்சு. அவன் அந்த நேரம் ஸ்பெனர் எடுக்க உள்ள போயிருந்தான். ஒரு நிமிசம் முந்தி நடந்திருந்தா அவன் கை அங்க இருந்திருக்கும். அந்த சத்தம் கேட்டு நாங்க ஓடி வந்தது இன்னிக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

ஸ்டியரிங் ஆர்ம் வேலை பிரேக் மாதிரி தான், பிழை விட்டா ரம்பொட வளைவுல தான் தெரிய வரும். நுவரெலியாவுலயோ கண்டிலயோ நல்ல பாஸ் (மெக்கானிக்) ஒருத்தர புடிச்சு, பக்கத்துலயே நின்னு செய்ய வைங்க. அது தான் என் கருத்து.

ஊவா_ஸ்பெனர்

கொட்டகலை தம்பி, நான் கட்டார்ல ஒரு ஐரோப்பா வண்டி கராஜ்ல 9 வருசம் வேலை செஞ்சிட்டு இப்ப பண்டாரவளையில இருக்கேன். இ39 நெறய கை வச்சிருக்கேன். ராகலை அண்ணே சொன்னது நூத்துக்கு நூறு சரி, சமமான சிமெந்துத் தரை கெடைக்கலன்னா இந்த பேச்ச இதோட விட்டுரலாம். கெடைச்சா, பேட் மாத்தத் தெரிஞ்ச ஆள் இத செய்யலாம்.

மொதல்ல மூணு கேள்வி.

வீல் ஒரிஜினலா, வேற வண்டி வீலா? இ39 ஹப்போட நடு வட்டம் 74.1 மில்லி, அந்தக் காலத்து மத்த பீஎம் வண்டி பெரும்பாலும் 72.6. ஓட்டை பெருசான அலோய் வீல ரிங் போடாம மாட்டியிருந்தா நடுவுல சரியா உக்காராது, அதுவும் இதே 80ல ஆடும். புஷ்ஷ பத்து தடவ மாத்தினாலும் நிக்காது.

ரெண்டாவது, கராஜ்ல புஷ் போட்டப்ப கடைசி டைட் குடுத்தது வண்டி தூக்கி இருக்கறப்பவா, வீல் தரையில இருக்கறப்பவா? நீங்க பக்கத்துல இருந்தீங்களா?

மூணாவது, புஷ் மேல ஒரு அம்புக்குறி இருக்கும், ஆர்ம்ல அதுக்கு நேரா ஒரு அடையாளம் இருக்கும். ரெண்டும் நேரா இருக்கான்னு டோர்ச் அடிச்சிப் பாருங்க, முடிஞ்சா போட்டோ போடுங்க.

கொட்டகலை_520

ராகலை அண்ணே, மனசுல வச்சிக்கிறேன், வாசல்ல செய்ய மாட்டேன். எங்க டிவிஷன் கொழுந்து மடுவம் (தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகை) இருக்கு, நல்ல சிமெந்துத் தரை, மேல தகரம், ஞாயித்துக்கிழமை கொழுந்து நிறுக்கிறதில்ல. சின்ன தொரைகிட்ட (தோட்டத்து உதவி மேனேஜர்) கேட்டுப் பாக்கிறேன்.

ஊவா அண்ணே, வீல் ஒரிஜினல் 16 இஞ்சி, பேலன்ஸ் போன மாசம் தான் பாத்தேன். அம்புக்குறி பாத்துட்டேன், இடது பக்கம் சேறு தொடச்சிப் பாத்தா நேரா தான் இருக்கு, வலது பக்கமும் நேரா இருக்கு. டைட் குடுத்தத கண்ணால பாத்தேன், வண்டி ஹொய்ஸ்ட்ல தான் இருந்துச்சு, வீல் தொங்கிக்கிட்டு, ஏர் கன்ல டர்ர்ர்ன்னு ஒரு தடவ, அவ்வளவு தான். பொறகு எறக்கிக் குடுத்தாங்க. அது பிழையா? எல்லாரும் அப்படித்தானே செய்யிறாங்க?

ஊவா_ஸ்பெனர்

அது தான் பிழை தம்பி. புஷ் மேல குத்தம் இல்ல, ரோட் மேலயும் பெருசா இல்ல.

கொஞ்சம் பொறுமையா வாசிங்க, ஏன்னா இது தெரிஞ்சா பீஎம் மட்டும் இல்ல, ரப்பர் புஷ் இருக்கிற எந்த வண்டிக்கும் ஒங்களுக்கு உதவும். அந்த புஷ்ஷுக்கு வெளிய ஒரு இரும்பு வளையம், அது ஆர்முக்குள்ள இறுக்கமா உக்காந்திருக்கும். உள்ள ஒரு சின்ன குழாய், அதுக்குள்ள தான் போல்ட்டு போகுது. ரெண்டுக்கும் நடுவுல ரப்பர், ரெண்டு பக்கமும் ஒட்டினது. போல்ட்ட டைட் பண்ணினதும் உள் குழாய் வண்டியோட சேந்து அசையாம புடிச்சிக்கும். வீல் மேல கீழ போறப்ப புஷ் சுத்தாது, பேரிங் மாதிரின்னு நெறய பேர் நெனைக்கிறாங்க, அது இல்ல, ரப்பர் முறுங்கும், விட்டதும் பழைய எடத்துக்கு வரும். அவ்வளவு தான் அதோட வேலை.

இப்ப வீல் தொங்குறப்ப டைட் குடுத்தா, ரப்பருக்கு அது தான் சாதாரண நிலை. வண்டிய தரையில எறக்கினதும் ஆர்ம் மேல ஏறிரும், ரப்பர் முறுங்கின மேனிக்கு நிக்கும். ஈரத்துணிய முறுக்கிப் புழிஞ்சு அப்படியே கொடியில போட்டு வச்ச மாதிரி, வண்டி ராத்திரி சும்மா நிக்கிறப்ப கூட அந்த ரப்பருக்கு ஓய்வு இல்ல. அதுக்கு மேல தான் ஒங்க 3 கிலோமீட்டர் எஸ்டேட் ரோட் குழி ஒவ்வொண்ணும் இன்னும் கொஞ்சம் முறுக்குது. இ39 த்ரஸ்ட் ஆர்ம் புஷ் வேற சாதாரண ரப்பர் இல்ல, உள்ள அறை அறையா திரவம் இருக்கு, ஆட்டத்த விழுங்கத்தான் அப்படி செஞ்சிருக்கான். அந்த அறைச் சுவர் மெல்லிசு. முறுங்கி முறுங்கி அது தான் கிழிஞ்சு ஒழுகுது, நீங்க பாத்த கறுப்புக் கறை அது. திரவம் போனதும் 80ல வீலோட சின்ன ஆட்டத்த புடிக்க ஆள் இல்ல, நேரா ஸ்டியரிங்குக்கு வந்திரும். பிரேக் அடிக்கிறப்ப வீல் பின்னுக்கு தள்ளுற பாரம் இந்த ஆர்ம்ல தான் விழுது, அதனால எறக்கத்துல டொக்குன்னு கேக்கும். நெறய பேர் டிஸ்க் வளைஞ்சிருச்சுன்னு டிஸ்க்க மாத்துவாங்க, சல்லி தான் போகும்.

இத நீங்களே கண்ணால பாக்க ஒரு வழி சொல்றேன். பழச கழட்டுறதுக்கு முந்தி, வீல் தரையில இருக்கறப்ப, புஷ்ஷோட உள் குழாயிலயும் அது புடிச்சிருக்கிற பிராக்கெட்லயும் சேத்து டிப்பெக்ஸால (எழுத்து அழிக்கிற வெள்ள மை) ஒரே கோடா ஒரு கோடு போடுங்க. பொறகு நட்ட லூஸ் பண்ணுங்க. ரப்பர் முறுங்கி இருந்தா குழாய் தானா சுத்தும், கோடு ரெண்டா பிரிஞ்சிரும்.

வேலைக்கு வருவோம். ஆர்ம் மாத்த ஸ்பிரிங் அமுக்குற டூல் வேணாம், ஸ்பிரிங் ஸ்ட்ரட்டோட அப்படியே இருக்கும், அத தொடாதீங்க. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ஆர்ம், த்ரஸ்ட் ஆர்ம் ஒண்ணு, லோவர் ஆர்ம் ஒண்ணு, ரெண்டும் அலுமினியம், ரெண்டுக்கும் வெளி முனையில போல் ஜொயின்ட் (எல்லாப் பக்கமும் திரும்புற உருண்டை மூட்டு). ஒங்க வண்டிக்கு வயசு 20க்கு மேல, போல் ஜொயின்ட் ஆர்மோடயே வருது, அதனால என்கிட்ட கேட்டா புஷ்ஷ மட்டும் அடிக்காம நாலு ஆர்மையும் முழுசா மாத்துங்க, கூடவே ஸ்டெபிலைசர் லிங்க் ரெண்டு. வீட்டுல செய்யிறவனுக்கு லேத்துக்கு ஓடுற வேலையும் மிச்சம், அம்புக்குறி பிரச்சினையும் இல்ல.

வீல கழட்ட முந்தி, தரையில நிக்கறப்ப வீல் நடுவுல இருந்து மட்கார்ட் வளைவு வரைக்கும் டேப் வச்சி அளந்து எழுதி வைங்க, ரெண்டு பக்கமும். அந்த அளவு தான் ஒங்களுக்கு கடைசி வரைக்கும் தேவை. ஜெக்க ரப்பர் பேட் இருக்கிற எடத்துல குடுங்க, ஆர்ம்லயோ ஒயில் சம்ப்லயோ குடுக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் ஸ்டெண்ட், பின் வீல் ரெண்டுக்கும் முன்னயும் பின்னயும் கட்டை, ஹேண்ட் பிரேக், கியர் பார்க்ல. ஸ்டெண்ட் போட்ட பொறகு வண்டிய கையால நல்லா தள்ளிப் பாருங்க, அசையலன்னா தான் கீழ போகணும்.

போல் ஜொயின்ட் கழட்ட கத்திரிக்கோல் மாதிரி ஒரு புல்லர் இருக்கு, அத யார்கிட்டயாச்சும் எரவல் வாங்குங்க. கவட்டை மாதிரி இருக்கிறத வச்சி சுத்தியலால அடிச்சா பக்கத்து ஜொயின்ட் ரப்பரும் கிழியும். மொதல் நாளே துருப்பிடிச்ச நட்டுக்கெல்லாம் ஒயில் ஸ்ப்ரே அடிச்சி ஊற விடுங்க, நம்ம பக்கம் மழைக்கு அது இல்லாம அசையாது. புது நட்டு இறுக்குறப்ப ஜொயின்ட் தண்டு சேந்து சுத்தினா ஜெக்கால அடியில இருந்து லேசா அமுக்கிப் புடிங்க, கூம்பு உக்காந்து புடிச்சிக்கும். இடது முன் வீல்ல பிரேக் பேட் சென்சர் வயர் போகுது, ஏபிஎஸ் வயர் ரெண்டு பக்கமும், பிரேக் ஹோஸ், இதெல்லாம் இழுபடாம பாத்துக்குங்க. லொக் நட்டு எல்லாம் புதுசு போடணும், பழச திருப்பிப் போடாதீங்க.

ஆர்ம மாட்டி புஷ் பக்கத்து போல்ட்ட கையால மட்டும் இறுக்குங்க. கடைசி டைட், வண்டி பாரம் வீல்ல இருக்கறப்ப மட்டும் தான். பீஎம் கம்பனி இதுக்கு ஒரு கணக்கே வச்சிருக்கான்: முன் சீட் ரெண்டுலயும் 68 கிலோ படி, பின் சீட் நடுவுல 68 கிலோ, டிக்கில 21 கிலோ, பெற்றோல் டேங்க் புல். அந்த நிலையில தான் இறுக்கச் சொல்றான். வீல் அலைன்மென்ட்டும் அதே பாரத்தோட தான். அவன் கதைக்கு எழுதல அத.

மஸ்கெலியா_மகள்

ஊவா அண்ணே எழுதினத பிரின்ட் எடுத்து எங்க அப்பாகிட்ட குடுத்தேன், அவரு 30 வருசமா பார்ட்ஸ் கடை வேலை, "இத எழுதின பையன் வேலை தெரிஞ்சவன்"னு சொன்னாரு. நான் பார்ட்ஸ் பக்கம் மட்டும் சொல்றேன், ஏன்னா இதுல தான் நெறய பேர் ஏமாறுறாங்க.

பஞ்சிகாவத்தையில பழைய ஆர்ம் எடுக்காதீங்க அண்ணே. கதவு, லைட், பம்பர், கியர் பொக்ஸ் மவுண்ட் பிராக்கெட், இதெல்லாம் பழசு எடுக்கலாம், தப்பே இல்ல, நாங்களும் எடுக்கிறோம். ஆனா ரப்பரும் போல் ஜொயின்ட்டும் பழசு எடுத்தா வேற ஒருத்தர் வண்டில ஓடி முடிஞ்சத நம்ம வண்டில மாட்டுற மாதிரி. வெளிய கழுவி பெயின்ட் அடிச்சி பளபளன்னு வச்சிருப்பாங்க, உள்ள ரப்பருக்கு வயசு 20.

வாங்குறப்ப வண்டி சேசிஸ் நம்பரோட கடைசி ஏழு எழுத்தையும் நம்பரையும் குடுங்க, பீஎம் பார்ட்ஸ் கெட்டலொக் அத வச்சித் தான் தேடும். "இ39 ஆர்ம் குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. 520, 523, 525, 528, 530 எல்லாம் ஆறு சிலிண்டர், அதுக்கு ரெக் ஸ்டியரிங். 535, 540 வி8 வண்டிக்கு ஸ்டியரிங் பொக்ஸே வேற மாதிரி, முன் ஆர்மும் வேற. ஒரு அண்ணன் 540 ஆர்ம் வாங்கிட்டு ஹட்டன் வரைக்கும் கொண்டு வந்து திரும்ப கொழும்புக்கு பஸ் ஏறினாரு, கடைக்காரரு மாத்திக் குடுத்ததால சரியாப் போச்சு.

பிராண்ட் கேட்டா, லெம்ஃபோர்டர் தான் பீஎம்முக்கே செஞ்சு குடுத்த கம்பனி, உள்ள திரவம் இருக்கிற அதே மாதிரி புஷ். மெய்லே எச்டின்னு ஒண்ணு இருக்கு, அதுல திரவத்துக்குப் பதிலா முழு ரப்பர், ஒழுகுறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா கொஞ்சம் கடினம், ரோட் சின்னச் சின்னதா கைக்கு தெரியும். எஸ்டேட் ரோட்டுல ஓடுறவங்களுக்கு அப்பா மெய்லே எச்டி தான் குடுப்பாரு. ஆனா நீங்க அம்மாவுக்காக ஓட்டுறீங்க, இடுப்பு ஒப்பரேஷன்னு சொல்றீங்க, அதனால எனக்கு லெம்ஃபோர்டர் தான் சரின்னு படுது, சரியா இறுக்கினா அதுவும் நாள் நிக்கும். எது எடுத்தாலும் ரெண்டு பக்கமும் ஒரே கம்பனி போடுங்க. பெட்டிய மட்டும் பாத்து வாங்காம ஆர்ம்ல அச்சு விழுந்திருக்கிற பேரையும் பாருங்க, நல்ல பெட்டில மட்டமான சாமானும் வருது.

ராகலை_ரோட்

மடுவத் தரைன்னா சரி தம்பி. அப்ப நான் எதிர்ப்பு சொல்லல. ஆனா தனியா செய்யாதீங்க, ஒரு ஆள் எப்பவும் பக்கத்துல நிக்கட்டும்.

கொட்டகலை_520

எல்லாருக்கும் வணக்கம், மூணு கெழம கழிச்சு வாரேன். வேலை முடிஞ்சிருச்சு. ஒழுங்கா எழுதுறேன், பின்னால தேடி வர்றவங்களுக்கு உதவும்.

சின்ன தொரை ஞாயித்துக்கிழமை மடுவத்த குடுத்தாரு, ஒயில் சிந்தினா கழுவிக் குடுக்கணும்னு மட்டும் சொன்னாரு. மச்சானையும் பக்கத்து வீட்டு தம்பி ஒருத்தனையும் கூட்டிட்டு காலையில ஆறரைக்கு போயிட்டோம். பனி விலகல, தரையெல்லாம் ஈரம், மொதல்ல சாக்கு போட்டு தொடச்சோம். தண்ணி மட்டம் வச்சிப் பாத்தேன், கழுவுற தண்ணி ஓடுறதுக்காக ஒரு மூலைக்கு கொஞ்சம் சாய்வு இருந்துச்சு, வண்டிய அதுக்கு குறுக்கால நிப்பாட்டினோம்.

டிப்பெக்ஸ் கோடு போட்டேன். அத சொல்லியே ஆகணும். கீழ நொழைய எடம் வேணும்னு முன் வீல் ரெண்டையும் பழைய ரயில் சிலிப்பர் கட்டை மேல ஏத்தி நிப்பாட்டி, பின் வீலுக்கு கட்டை குடுத்து, வீல் பாரத்தோடயே கீழ படுத்து நட்ட லூஸ் பண்ணினேன். இடது பக்கம் கோடு கொஞ்சமா தான் நகர்ந்துச்சு, அங்க ரப்பர் முழுக்க கிழிஞ்சிருச்சு போல, திருப்பி இழுக்க பலம் இல்ல. வலது பக்கம் நட்டு லூஸ் ஆனதும் டக்குன்னு ஒரு சத்தம், குழாய் என் கண்ணு முன்னால சுத்தி நின்னுச்சு. வெள்ளக் கோடு ரெண்டாப் பிரிஞ்சு நடுவுல ஒரு அரிசி நீளத்துக்கு இடைவெளி. ஏழு மாசமா அந்த ரப்பர் அப்படியே முறுங்கிப் போய் நின்னிருக்கு. மச்சான கூப்பிட்டுக் காட்டினேன், அவன் த்ரீவீல் ஓட்டுறவன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம பாத்துட்டு "நம்ம வண்டிக்கும் இப்படித்தானே இறுக்குறானுங்க" அப்படின்னான்.

ஆர்ம் லெம்ஃபோர்டர் எடுத்தேன், மஸ்கெலியா தங்கச்சி சொன்ன மாதிரி சேசிஸ் நம்பர் கடைசி ஏழ குடுத்து, நாலு ஆர்ம், ரெண்டு லிங்க், புது நட்டு எல்லாம். புல்லர் தலவாக்கலையில ஒரு பாஸ்கிட்ட எரவல். இடது பக்கம் மட்டும் மூணே கால் மணித்தியாலம் போச்சு, வலது பக்கம் ஒன்றரை. இடது பக்கம் த்ரஸ்ட் ஆர்ம் போல் ஜொயின்ட் நட்டுக்கு சொக்கட் நேரா போகாது, டிஸ்க் தகரம் மறைக்கும், ரிங் ஸ்பெனரால கால்வாசி கால்வாசியா தான் திருப்பணும், பொறுமை இல்லன்னா அங்க தான் நட்டு முனை தேஞ்சு போகும். புல்லர் மாட்டி இறுக்கி வச்சிட்டு தேத்தண்ணி குடிக்க உக்காந்தோம், உக்காந்து ரெண்டு நிமிசத்துல பெரிய வெடி மாதிரி ஒரு சத்தம், ஜொயின்ட் தானா விட்டிருச்சு. நல்லவேளை யாரும் கிட்ட இல்ல. புல்லர் டைட்ல இருக்கறப்ப மூஞ்சிய நேரா கொண்டு போகாதீங்க, நட்ட முழுசா கழட்டாம நாலு சுத்து விட்டு வைங்க, இல்லன்னா ஆர்ம் பறந்து வந்து விழும்.

பழைய லோவர் ஆர்ம் போல் ஜொயின்ட்ட கையில புடிச்சு ஆட்டினா கடகடன்னு ஆடுச்சு, ரப்பர் மூடி வெடிச்சு உள்ள கிரீஸ் எல்லாம் கழுவிப் போய் செம்மண் தண்ணி. புஷ்ஷ மட்டும் மாத்தியிருந்தா இத பாத்தே இருக்க மாட்டேன். அம்மா இதே வண்டில போன மாசம் ரெண்டு தடவ கண்டி போய் வந்திருக்காங்க, நெனைக்கவே கஷ்டமா இருந்துச்சு.

பாரம் ஏத்தினது இப்படி. முன் சீட் ரெண்டுலயும் 50 கிலோ சிமெந்து மூட்டை ஒண்ணு ஒண்ணு, அதுக்கு மேல 18 லீட்டர் தண்ணி கேன், அது 68 கிலோ ஆச்சு. பின் சீட் நடுவுலயும் அதே மாதிரி. டிக்கில டூல் பெட்டியும் ஸ்பேர் சாமானும் நிறுத்து 21 கிலோ. மடுவத்துல தராசு இருந்தது இதுக்கும் ஒதவிச்சு. சீட்டுக்கு பொலித்தீன் விரிச்சோம். முந்தின நாள் கொட்டகலையில பெற்றோல் புல் அடிச்சிட்டேன். வீல மாட்டி, வண்டிய சிலிப்பர் கட்டை மேல எறக்கி, முன்னுக்கு ஒரு தடவ பின்னுக்கு ஒரு தடவ உருட்டி, பொனட்ட ரெண்டு கையால அமுக்கி அமுக்கி விட்டு, டேப் வச்சி அளந்து பாத்தேன். பாரம் இல்லாம காலையில எழுதி வச்சத விட ரெண்டு பக்கமும் கொஞ்சம் கீழ, ரெண்டும் சமமா. அதுக்கு பொறகு தான் டோர்க் ரெஞ்ச் (இறுக்கத்த அளந்து காட்டுற ஸ்பெனர்) போட்டு புஷ் போல்ட்ட கம்பனி அளவுக்கு இறுக்கினேன். அந்த நேரம் மச்சான் வண்டிக்கு வெளிய வீல் பக்கத்துலயே நின்னான், உள்ள ஆள் இல்ல, சாவி என் பொக்கெட்ல.

மறுநாள் 20ல ஊர்ந்து கண்டி போய் அலைன்மென்ட் செஞ்சேன். சிமெந்து மூட்டைய எறக்காமலே போனேன், கடைக்கார பொடியன் சிரிச்சான், பரவால்லன்னு வெளக்கிச் சொன்னேன், பொறகு அவனே வீல் காத்து பாத்து ஒழுங்கா செஞ்சு குடுத்தான். முன்னால டோ (வீல் ரெண்டும் உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கிற அளவு) மட்டும் தான் திருத்த முடியும்னு டை ரொட்ல திருத்தினான், கொஞ்சம் வெளிய போயிருந்துச்சு.

நேத்து கம்பளை தாண்டி பேராதனைக்கு போற நேர் ரோட்ல காலைல ட்ராபிக் இல்லாத நேரம் பாத்து ஓட்டிப் பாத்தேன். ஸ்டியரிங்ல ரெண்டு விரல் மட்டும் வச்சிருந்தேன். ஒண்ணுமே இல்ல. கினிகத்தேனை எறக்கத்துல பிரேக் அடிச்சேன், அந்த டொக் இல்ல. அம்மா நாவலப்பிட்டி வர்றதுக்குள்ள தூங்கிட்டாங்க.

ஊவா அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். திரும்ப இறுக்கிப் பாக்கணுமா, எத்தன கிலோமீட்டர்ல?

ஊவா_ஸ்பெனர்

தம்பி, மடுவத்து தராசுல டிக்கி சாமான நிறுத்தத வாசிச்சு ரொம்ப சந்தோசம், கட்டார்ல கூட அவ்வளவு சுத்தமா செய்யிறத நான் பாக்கல.

வீல் போல்ட்ட 100 கிலோமீட்டர்ல ஒரு தடவ டோர்க் வச்சி பாருங்க, அது கட்டாயம். ஆர்ம் போல்ட்ட திரும்ப இறுக்க வேணாம், புது லொக் நட்டு போட்டு டோர்க் அளவுல இறுக்கினது நிக்கும். அதுக்குப் பதிலா புஷ் போல்ட் தலையிலயும் பிராக்கெட்லயும் சேத்து இன்னொரு டிப்பெக்ஸ் கோடு போட்டு வைங்க. ஒயில் மாத்தற நேரம் எட்டிப் பாத்தா கோடு நேரா இருக்கான்னு ஒரு பார்வையில தெரியும், போல் ஜொயின்ட் ரப்பரையும் அப்பவே தொட்டுப் பாத்துக்கலாம். அலைன்மென்ட் பேப்பர வண்டிலயே வைங்க, அடுத்த தடவ டயர் ஒரு பக்கமா தேஞ்சா ஒப்பிட்டுப் பாக்க வேணும்.

மச்சான் த்ரீவீல் பத்தி சொன்னீங்களே. முன்னயும் பின்னயும் ரப்பர் புஷ் எங்க எங்க இருக்குன்னு போட்டோ எடுத்து புது திரி ஒண்ணு போடச் சொல்லுங்க, பாத்து சொல்றேன்.